தகரப் பெண்ணின் குரல்

"இது எம்பிள்ள இல்லம்மா" என்றார் காசிராஜன்.

அவர் முன்னால் நின்றது ஒரு தகரப் பெண்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் கம்பெனி அது. பக்கத்துத் தொழிற்சாலைகளின் பிரஸ் மெஷின்கள் கழித்துப்போட்ட தகடுகளை வளைத்துச் செய்த ஆளுயர உருவங்கள், முன்புறப் புல்வெளியில் வரிசையாக நின்றன. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போன்ற வரிசை. ஒவ்வொன்றின் மார்பிலும் சல்லடைத் துளைகள், துளைகளுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர். யாராவது கிட்டே போனால் அது குரல் கொடுக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் சிற்பி கேட் அருகே மைக்கோடு உட்கார்ந்து, 'தினமும் உங்கள் காதில் விழும் சத்தத்தை உங்கள் வாயாலேயே செய்து காட்டுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள்' என்று தொழிலாளிகளிடம் கேட்டு வாங்கிய குரல்கள் அவை. மறுநாள் திறப்பு விழா.

காந்திமதி ஒவ்வோர் உருவத்தின் முன்னாலும் நின்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் சின்னதாக ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களின் விலாசமும் சர்டிபிகேட்டும் உண்மைதானா என்று கம்பெனிகளுக்கு விசாரித்துச் சொல்வதுதான் பெரும்பாலும் பிழைப்பு. நெற்றியில் திருநீறு இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாள். விசாரித்துச் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் கலக்க மாட்டாள்.

"டிக்… டிக்… புஸ்ஸ்" என்றது ஓர் உருவம். "மாரிராஜ்."

"கனெக்டர் ஓகே! லாக் ஓகே!" என்று கத்தியது அடுத்தது.

"உள்ள மெஷின் வேலைய மனுஷன் செய்றான். வெளிய மெஷின் சத்தத்தையும் மனுஷனே போடுறான்" என்றான் உதவியாளன் மோகன்ராஜ். "அப்போ மெஷினு இன்னாதான் மேடம் பண்ணுது?"

"நீ செய்யுறதத்தான். சும்மா நிக்குது. இதைக் கேளு."

'சுகப்பிரியா' என்று பெயர்த்தகடு பொருத்திய உருவத்தின் முன்னால் அவள் நகர்ந்தாள்.

"கொர்ர்ர்… டொக். கொர்ர்ர்… டொக். கொர்ர்ர்… டொக்." பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "போதுமாக்கா?" கொஞ்சம் மௌனம். "சுகப்பிரியா."

காசிராஜன் தலையை ஆட்டினார். கழுகுமலைப் பக்கத்துக்காரர். ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். கேட்டுக் கேட்டு பஸ் மாறி வந்து சேர்ந்திருந்தார்.

"பொம்மைக்கு எம்பிள்ள பேரு. உள்ள இருக்கது வேற யாரோ" என்றார். "கண்ணுதான் போச்சு, காது போகல. எம்பிள்ள குரல் எனக்குத் தெரியாதாம்மா?"

"கடைசியா எப்ப பேசினா அண்ணாச்சி?"

"ஆனி மாசம். அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமன்னா போன் வந்துரும். இப்ப எவனோ ஒரு ஊமப்பயதான் போன் போடுதான். எடுத்தா பேச மாட்டான். வச்சா மறுநாளும் அடிப்பான். நான் வேற ஒண்ணும் கேக்கலம்மா. அவ குரல ஒரு தடவ கேட்டுட்டன்னா ஊருக்குப் போயிருவேன்."

கம்பெனியின் பணியாளர் மேலாளர் நம்பிராஜன் கைகளைப் பிசைந்தபடி நின்றார். நல்ல மனிதர். பெரியவருக்கு நிழலில் நாற்காலி போட்டது அவர்தான். காந்திமதியைத் தனியே அழைத்துப்போனார்.

"ஹாஸ்டல்ல கேட்டா, சுகப்பிரியா காலி பண்ணிட்டுப் போயாச்சுங்கறாங்க. இங்க பாத்தா ஒரு நாள் லீவு இல்ல. நேத்து நைட் ஷிப்ட்டுக்குக்கூட கார்டு தேய்ச்சிருக்கு. பஸ்ஸுல தண்டலத்துல இறங்கி ஷேர் ஆட்டோ ஏறுது, அதுக்கு மேல தெரியாது. காண்ட்ராக்ட் ஆளுங்க நூத்துக்கணக்குல இருக்காங்க மேடம். எல்லாருக்கும் தொப்பி, மாஸ்க். யாரு முகம் யாருக்குத் தெரியும்?"

"வேற பொண்ணா இருந்தா?"

"ராத்திரி வரும்போது பிடிச்சு போலீஸ்ல குடுக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. என் கையில ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சு, இது சுகப்பிரியாதான்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா தூங்குவேன்."

"உண்மை எதுவோ அதத்தான் சொல்லுவேன் சார்."

"தெரியும் மேடம். அதான் உங்களக் கூப்பிட்டேன்" என்றார் அவர், வருத்தத்துடன்.

வெளியே வந்ததும் மோகன்ராஜ் கேட்டான். "நம்ம கையில இன்னா மேடம் கீது? ஒரு கொர்ரு, ஒரு டொக்கு. இத்த வெச்சு எஃப்.ஐ.ஆர்கூட எழுத முடியாது."

"இன்னொண்ணும் இருக்கு. எல்லாரும் பேரக் கேட்டதும் சட்டுன்னு சொன்னாங்க. இவ மட்டும் யோசிச்சா. சொந்தப் பேர யாராவது யோசிச்சுச் சொல்லுவாங்களா?"

"எங்க சித்தப்பா யோசிப்பாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல."

காந்திமதி சிரிக்கவில்லை. "அந்த மாதிரிச் சத்தம் போடுற மெஷின் உள்ள கிடையாதுன்னு மேலாளர் சொல்லிட்டார். நைட் ஷிப்ட் பாக்குறவ பகல்ல தூங்கணும். தூங்க விடாத சத்தந்தான் ஒருத்தர் மனசுல நிக்கும். அவ செஞ்சு காட்டினது தலைகாணிக்கு அடியில கேக்குற சத்தம். ஏதோ ஒண்ணு பகல்ல சுத்துது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ இடிக்குது."

"கரும்பு ஜூஸ் மெஷினா?"

"அதை நாள் முழுக்க சுத்தினா கரும்பு என்னத்துக்கு ஆகும்? கல்லு சுத்துது மோகன். மாவரைக்கிற கல்லு. கல்லுல எங்கயோ மூக்கு உடைஞ்சிருக்கு."

மோகன்ராஜ் பைக்கை உதைக்கப்போன காலை அப்படியே நிறுத்தினான்.

"மேடம், மண்ணூர்ல ராஜலட்சுமி அக்கா மெஸ்ஸு ஒண்ணு கீது. சாம்பார் சூப்பரா இருக்கும். ஆனா இட்லிய ஜாக்கிரதையா மெல்லணும். போன வாரம் என் பல்லுல ஒரு கல்லு சிக்கி, நான் பல்லு பேந்துபோச்சுன்னு நெனச்சுட்டேன். மேல பொண்ணுங்க ரூம் வேற கீது."

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"பல்லுல சிக்குறதெல்லாம் தடயம்னு யாரு மேடம் சொல்லிக்குடுத்தது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் காசிராஜன் மடியில் பையை வைத்துக்கொண்டு தகரப் பெண்ணின் பக்கமே முகத்தை வைத்திருந்தார். காற்றில் எதுவோ ஆடியதில் அது மறுபடி சிரித்து, "போதுமாக்கா?" என்றது. முந்தின இரவிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று காந்திமதிக்குத் தெரியும். துப்புத் துலக்கப் போகும் இடத்துக்குச் சம்பந்தப்பட்டவரை அழைத்துப்போகக் கூடாது என்பது தொழில் வழக்கம். பசித்தவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அதைவிடப் பழைய வழக்கம்.

"ஒரு ஆட்டோ பிடி" என்றாள். "அவரையும் கூட்டிட்டுப் போவோம். இட்லி சாப்பிடட்டும்."

மண்ணூரில் அந்த மெஸ், ஒரு மாடி வீட்டின் முன்னால் இறக்கிய தகரக் கூரையும் நான்கு பெஞ்சு மேசைகளும்தான். வாசலில் காயின் போன் தொங்கியது. உள்ளே நுழையும்போதே மூவரும் கேட்டார்கள்.

கொர்ர்ர்… டொக். கொர்ர்ர்… டொக்.

காசிராஜன் நின்றுவிட்டார். மோகன்ராஜ் பெருமையாகத் தன் பல்லைத் தொட்டுக் காட்டினான்.

"இன்னாம்மா வோணும்?" என்றாள் கல்லாவிலிருந்த ராஜலட்சுமி.

"அண்ணாச்சிக்கு இட்லி. சூடா."

கிரைண்டர் பக்கம் முதுகைக் காட்டி நின்ற ஒரு பெண் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் துப்பட்டாவைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். "ஏ பொண்ணு, பெரியவருக்குக் கேட்டத வெச்சுக்கினு இரு" என்றாள் ராஜலட்சுமி. அந்தப் பெண் திரும்பவில்லை. கை மட்டும் நின்றுபோயிருந்தது.

காந்திமதி அதைக் கவனித்தாள். ஆனால் அவள் தேடி வந்த குரல் மேலே இருந்தது. மோகன்ராஜைப் பெரியவருக்குத் துணையாக விட்டு மாடிப்படி ஏறினாள். அறை வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. கொடியில் நீலச் சட்டைகள் காய்ந்தன. உள்ளே ஒரே ஒருத்தி, தலைக்குமேல் தலையணையை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

காந்திமதி கதவைத் தட்டவில்லை. "கொர்ர்ர்… டொக்" என்றாள்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "யாருக்கா அது? கீழ ஆட்டுறது பத்தாதா?"

தகரத்துக்குள் கேட்ட அதே சிரிப்பு.

"உன் பேரு என்னம்மா?"

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு காந்திமதியின் நெற்றியைப் பார்த்தாள். அழத் தொடங்கிவிட்டாள்.

"கனகலட்சுமி" என்றாள். "அன்னைக்கு மைக்குல அந்த அக்கா பேரு கேக்கையில என் பேருதான் நாக்கு வரைக்கும் வந்துட்டு. முழுங்கிட்டு சுகப்பிரியா பேரச் சொன்னேன்."

"சுகப்பிரியாவோட கார்டு உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அவதான் குடுத்தா. லைன்ல ஒவ்வொரு பீஸுக்கும் விரல நீட்டி, சத்தமா 'கனெக்டர் ஓகே, லாக் ஓகே'ன்னு கத்தணும்க்கா. கத்தலன்னா பீஸ அடுத்த ஆளுக்குத் தள்ளக் கூடாது. ஜப்பான்காரன் சட்டம். அவளுக்குக் கத்த முடியாது."

"ஏன்?"

"குரல் இல்லக்கா."

கனகலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். சுகப்பிரியாவின் கழுத்தில் ஒரு கட்டி. எடுத்தாக வேண்டும் என்றார்கள். அவள் அம்மா ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவள். அன்றிலிருந்து தன் வீட்டில் யார்மேலும் கத்தி படக் கூடாது என்று காசிராஜன் இருக்கிறார். தன் கண்ணுக்கே சம்மதிக்காதவர். அதனால் அவரிடம் சொல்லாமல் செய்துகொண்டாள். சுகமானதும் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. சிலருக்கு அப்படி ஆவதுண்டாம், யாரையும் குறை சொல்ல முடியாதாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

"லீவு போட்டா இடத்துக்கு வேற ஆள் எடுத்துருவாங்க. குரல் வர்ற வரைக்கும் நீ நில்லுன்னு என்னை நிறுத்தினா. நான் பன்னெண்டாவதுல கணக்குல போயிட்டேன், எனக்குன்னா கார்டு தர மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு வேலை."

"அப்பாவுக்கு ஒரு போன்கூடவா போட முடியல?"

"தினமும் போடுதாளேக்கா. வாசல் காயின் போன்ல. அவர் 'ஹலோ, ஹலோ'ங்கறதக் கேட்டுட்டு வச்சிருவா. நான் பேசுதேன்னாலும் விட மாட்டேங்கா, கத்தி பட்டது தெரிஞ்சா அப்பா தாங்க மாட்டாராம்."

 ஊமப்பய என்று காசிராஜன் சொன்னது காந்திமதியின் காதில் மறுபடி விழுந்தது.

"இப்ப எங்க அவ?"

"கீழதான். மாவு ஆட்டிக்கிட்டு இருக்கா."

காந்திமதி படிகளில் வேகமாக இறங்கினாள். கிரைண்டர் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. துப்பட்டா சுற்றிய பெண் காசிராஜனின் இலைக்குப் பக்கத்தில் நின்று இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். சத்தம்தான் இல்லை.

மோகன்ராஜ் கையில் போனுடன் வாசலிலிருந்து ஓடி வந்தான். "மேடம், பெரியவருக்கு வயிறா வண்ணாரப்பேட்டை குடோனா? வெக்க வெக்க உள்ள போவுது. 'இன்னும் ஒண்ணு வைம்மா, இன்னும் ஒண்ணு வைம்மா'ன்றாரு. பழக்கமில்லாத வயிறு, எதுனா ஆயிடப்போவுது."

காந்திமதி இலையைப் பார்த்தாள். இலையில் இட்லிகள் தொடப்படாமல் அடுக்கியிருந்தன. அவர் சாப்பிடவே இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி…"

"தெரியும்மா" என்றார் அவர், மெல்ல. "உள்ள வந்ததுமே தெரிஞ்சிட்டு. தண்ணிய வச்சிட்டு டம்ளர என் விரலுல முட்ட வச்சா. கண்ணு போனதுல இருந்து எம்பிள்ள அப்படித்தான் வைப்பா. ஆனா பேச மாட்டேங்கா. போனா இன்னொரு தடவ வருவாளான்னுதான் கேட்டுக்கிட்டே இருக்கேன். எம்மேல என்ன கோவம்னு தெரியலம்மா. நீ கேட்டுச் சொல்லு."

மேசைக்கு அந்தப் பக்கம் சுகப்பிரியா இரண்டு கைகளையும் ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. பார்க்க முடியாதவர் முன்னால் கையை ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள். அடைத்த குழாயில் காற்று வருகிற மாதிரி ஏதோ வந்தது. அவ்வளவுதான். கிரைண்டர் அதையும் மூடிவிட்டது.

உலகத்தில் அத்தனை பேச்சு பேசுகிறோம். அதில் ஒரு வார்த்தையைக் கடனாகக் கொடுக்க வழியிருந்தால் காந்திமதி அந்த நிமிஷமே கொடுத்திருப்பாள். கொடுக்க முடிந்தது உண்மை மட்டும்தான். அதைச் சொன்னாள். கட்டி, ஆபரேஷன், குரல், தினமும் வந்த போன், மாடியில் இருக்கும் பெண், அட்டை, எல்லாம்.

 ராஜலட்சுமி எழுந்துபோய் கிரைண்டரை நிறுத்தினாள். வாசலில் சாப்பிட வந்தவர்களிடம், "இட்லி தீந்துபோச்சு, பக்கத்துக் கடைக்குப் போங்கப்பா" என்றாள். அடுப்பில் இட்லிச் சட்டி நிறைய வெந்துகொண்டிருந்தது.

"தையல் பிரிச்சாச்சா தாயி?" என்று கேட்டார் காசிராஜன்.

சுகப்பிரியா அவர் விரலை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். "ஆறிட்டு" என்றார். பிறகு, "ஊமப்பயன்னு வஞ்சிட்டனே" என்றார். அவள் அவர் கையை விடவில்லை.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

மோகன்ராஜின் முகம் வெளுத்தது. "மேடம்… நீங்க மேல போனதும் நம்பிராஜன் சாருக்கு ஒரு போன் போட்டேன். ஆள் கெடச்சாச்சு, மண்ணூர் மெஸ்ஸுல கீறோம்னு. நல்ல சேதிதானேன்னு…"

காந்திமதி பதில் சொல்வதற்குள் நம்பிராஜன் உள்ளே வந்துவிட்டார். அதே நேரம், கீழே என்ன ஆயிற்றோ என்ற பயத்தில் கனகலட்சுமியும் படியிறங்கி வந்தாள். கம்பெனி ஆட்கள் வந்தால் கேட்பார்களே என்று அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். படம் இல்லாத அந்தக் காண்ட்ராக்ட் அட்டையில் இருந்த பெயரை நம்பிராஜன் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காந்திமதியைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுதானா மேடம்? சுகப்பிரியாதானே?"

இத்தனை வருஷங்களில் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு பெண்களும் போலீஸ் ஸ்டேஷனில். சொல்லாவிட்டால் இத்தனை நாள் பூசிய திருநீற்றுக்கு என்ன அர்த்தம்? முருகா, என் குரலையும் எடுத்துக்கொள்ளேன் என்று நினைத்தாள்.

"சார்…" என்று தொடங்கினாள்.

சுகப்பிரியாவின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு காசிராஜன் எழுந்தார்.

"எம்பிள்ளதான் சார்" என்றார். "காலையில நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். தகரத்துக்குள்ள இருந்து வந்தா கெழவன் காதுக்கு என்ன தெரியுது? நேர்ல பேசவும் தெரிஞ்சிட்டு." கனகலட்சுமி விசும்பிய பக்கமாகக் கையை நீட்டினார். "வா தாயி, சுகப்பிரியா."

கனகலட்சுமி அசையவில்லை. கிரைண்டர் பக்கம் பார்த்தாள். அங்கே போய் நின்றிருந்தவள், போ என்று தலையசைத்தாள். கனகலட்சுமி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "அப்பா" என்றுகூடச் சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காந்திமதி ஒன்றும் சொல்லவில்லை. 

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடவுள் இருக்கார் மேடம்" என்றார். "பெரியவரே, நாளைக்கு விழாவுக்கு நீங்களும் வரணும். அந்தப் பொம்மை பக்கத்துல அப்பாவையும் பொண்ணையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கே குடுக்கச் சொல்றேன்."

"வந்துருதோம் சார்" என்றார் காசிராஜன்.

நம்பிராஜன் நிம்மதியாக பெஞ்சில் உட்கார்ந்தார். வெயிலில் வந்த களைப்பு. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கிரைண்டர் பக்கம் கேட்டார்.

சுகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தண்ணீர் வைத்தாள். அவர் குடித்து முடித்து, நல்ல மனிதர் என்பதால், நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நன்றிம்மா. உன் பேரு என்ன?"

அவள் நின்றாள். உதடுகள் பிரிந்தன. அவர் காத்திருந்தார்.

"அது பேசாது சார்" என்றார் காசிராஜன், திரும்பாமல், பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தபடியே. "நல்ல பிள்ள."